செக்கை நிறுத்த இரண்டு ரூபாய்

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிதம்பரத்தில் ஒரு கிரகப்பிரவேசச் சாப்பாட்டில், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவே, பக்கத்து இலைக்காரர் சொன்னார். அவர் பெயர் காசிநாதன். பேங்க் கவுண்டரில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இதைச் சிரிப்பதற்காகத்தான் சொன்னார்.

அறுபத்தாறோ அறுபத்தேழோ, வருடம் அவருக்கு நிச்சயமில்லை. கடலூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு கருவாட்டுக்காரி. சிதம்பரத்து வியாபாரி ஒருவர் சரக்குக்காகக் கொடுத்த முந்நூற்று நாற்பது ரூபாய் செக்கைத் தொலைத்துவிட்டாள். வியாபாரியே அவளை பேங்க்குக்கு அழைத்து வந்தார். தொலைந்த செக்குக்குப் பணம் கொடுக்காதே என்று நிறுத்திவைக்க இரண்டு ரூபாய் கட்டணம். அந்த இரண்டு ரூபாயைக் கொடுக்க மாட்டேன் என்று அவள் கூரை அதிரக் கத்தினாள், வியாபாரியையும் வாய்க்கு வந்தபடி பேசினாள், செக்கை நிறுத்தாமலே போய்விட்டாள். "பூசணிக்காய் போன எடம் தெரியாது, கடுகு போன எடத்த ஆராய்வாங்கன்னு சும்மாவா சொன்னான்" என்று முடித்தார் காசிநாதன். எங்கள் வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

மோர் வருவதற்குள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கருவாட்டுக்காரிக்கு இரண்டு பெரிதா முந்நூற்று நாற்பது பெரிதா என்று தெரியாதா? அவளிடம் போய் நாம் யாராவது ஐந்து பைசா ஏமாற்றிவிட முடியுமா? அவளுக்குக் கணக்குத் தெரியாது என்று நம்புவதில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. அந்தச் சௌகரியத்தைக் கொஞ்சம் கெடுக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "அன்று திங்கட்கிழமை. சிதம்பரம் மேலவீதியில் பேங்க் திறக்க இன்னும்"

(நிறுத்திவிட்டேன். காசிநாதன் ஆரம்பித்த இடத்தில் நானும் ஆரம்பித்தால் அவர் முடித்த இடத்தில்தான் போய் விழுவேன்.)

இரண்டாவது: "செல்லாயி கொஞ்சம் கைப்பிடித்தம்தான். ஆனால்"

(இந்த 'ஆனால்' அவளுக்குக் கருணை மனுப் போடுகிறது. அவள் என்னிடம் மனு எழுதித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. ஒன்று மட்டும் இதில் உருப்படியாகக் கிடைத்தது, பெயர். காசிநாதனுக்கு அவள் பெயர் தெரியாது. நான் செல்லாயி என்று வைத்திருக்கிறேன். வியாபாரிக்கு வைத்திலிங்கம்.)

மூன்றாவது: "கடல் அன்றைக்கு"

(கருவாட்டுக்காரி என்றவுடன் கடலைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டுமா என்ன? நடந்ததெல்லாம் ஒரு கவுண்டரின் முன்னால்.)

மூன்றையும் கிழிக்காமல் விட்டுவைத்திருக்கிறேன். எத்தனை தடவை தடுக்கி விழுந்தேன் என்று உங்களுக்கும் தெரியட்டும்.

3

கதைக்குள் போவதற்கு முன் அந்த இரண்டு ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை.*

உலகத்தில் எல்லாக் கூலியும் ஏதாவது ஒன்றைச் செய்வதற்கு. இது ஒன்றைச் செய்யாமல் இருப்பதற்கு. ஒரு குமாஸ்தா ஒரு பேரேட்டில் சிவப்பு மையால் ஒரு வரி எழுதிவைப்பார். பிறகு அந்தக் காகிதம் வந்தால் பணம் தர மாட்டார். அவ்வளவுதான். கொடுக்காமல் இருப்பதற்குக் கூலி கேட்கிற கடை அது ஒன்றுதான். அதனால் அவள் கோபித்துக்கொண்டிருக்கலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். நியாயமான கோபம், எழுதினால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

ஆனாலும் மனம் ஒப்பவில்லை. நியாயத்துக்காக முந்நூற்று நாற்பது ரூபாயை விடுகிறவர்கள் மேடையில் பேசுகிறவர்கள். அவளுக்கு அந்தப் பணம் நைலான் வலைக்கு. ஊரில் பாதிப் பேர் நைலானுக்கு மாறிவிட்ட வருடம் அது. பழைய நூல் வலையோடு போகிறவன் பாதி மீனோடு கரைக்கு வந்துகொண்டிருந்தான். வலை வாங்காவிட்டால் அடுத்த பருவம் அடுப்பு எரியாது. அதை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்றால் அங்கே வேறு ஏதோ இருந்திருக்கிறது.

(* இரண்டு ரூபாய் என்பது காசிநாதன் சொன்ன கணக்கு. அந்தக் காலத்தில் கட்டணம் அதுதானா என்று நான் போய் விசாரிக்கவில்லை. இந்தக் கதைக்குள் இரண்டு ரூபாய்தான்.)

4

காசிநாதனைத் தேடி வீட்டுக்கே போனேன். அவருக்கு ஆச்சரியம். சிரிப்புக் கதையைக் கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள், விசாரிக்க வருவதில்லை.

"எடுத்த எடுப்புல கத்தினாளா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். மொதல்ல ரெண்டு ரூவாய எடுத்துக் கவுண்டர்ல வச்சுட்டா. அப்பறமாதான் திரும்ப எடுத்துக்கிட்டா."

இதை அவர் பந்தியில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரிப்புக் கெட்டிருக்கும்.

"நடுவுல நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

"நான் இன்னா சொல்லப் போறேன். பாவம் பயந்துகெடக்குதேன்னு ஆறுதலா நாலு வார்த்த சொன்னேன். அதுக்கப்பறம்தான் சண்டையப் புடிச்சுக்கிச்சு. ஒண்ணு சார், திட்டுனது எங்கள. ஆனா எங்களப் பாக்கல. வாசலப் பாத்துக்கிட்டே கத்துனா. எதுக்குன்னுதான் எனக்கு அப்பவும் புரியல."

அவர் நீட்டிய வெற்றிலைத் தட்டை நான் அப்படியே வைத்துவிட்டேன். கவுண்டர்காரனைத் திட்டுகிற பெண் கவுண்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏன் வாசலைப் பார்க்க வேண்டும்? ஒன்றுதான் காரணம். வாசல் வழியாக யாரோ வரப்போகிறார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் அவள் குரல் தெருவுக்குப் போய்ச் சேர வேண்டும்.

காசிநாதனிடமிருந்து எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். இனி வருவது என் கற்பனை. நம்ப மாட்டேன் என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

5

திருடனைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

ரயிலில் யாரோ பிக்பாக்கெட் என்று எழுதிப்பார்த்தேன். அப்படியானால் அவள் இரண்டு ரூபாயைக் கட்டிவிட்டுப் போயிருப்பாள். புருஷன் பக்கிரி என்று எழுதினேன். புருஷன் எடுத்தால் அது வீட்டுச் சண்டை, வீட்டிலேயே துடைப்பக்கட்டையோடு முடிந்திருக்கும், பேங்க் வரை வராது. மகன் என்று எழுதி ஒரு பக்கம் போனேன். மகனாக இருந்தால் சட்டையைப் பிடித்து "எங்கடா வச்ச?" என்று கேட்டிருப்பாள்.

அவளால் கேட்கவே முடியாத ஒருவன் வேண்டும். கேட்கவும் முடியாது, காட்டிக்கொடுக்கவும் முடியாது. மருமகன்.

பச்சமுத்து, மகள் லோகநாயகியின் கணவன். பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் குப்பம். சொந்தத்தில் கொடுத்திருந்தால் செல்லாயி அவனுக்கு அத்தை ஆகியிருப்பாள், காதைத் திருகியிருப்பாள். அசலில் கொடுத்த பெண். அவர்கள் வீட்டு வழக்கப்படி மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியது என்று நினைத்துவிடாதீர்கள், அது மரியாதை. சந்தையில் நாலு ஊர் கேட்கக் கூவி விற்கிறவள் மருமகன் வந்தால் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். கல்யாணம் ஆகி இரண்டு வருடத்தில் அவள் அவனிடம் ஒரு சொல்கூட நேரடியாகச் சொன்னதில்லை. எல்லாம் லோகநாயகி வழியாகத்தான்.

அவன் ஏன் எடுத்தான்? சீட்டாட்டம் என்று எழுதினேன், அடித்தேன். வெளியே சொல்ல முடியாத கடன் என்று எழுதினேன், அதையும் அடித்தேன். அவனுக்கு ஒரு நல்ல காரணம் கொடுத்தால் நீங்கள் அவனை மன்னித்துவிடுவீர்கள், கெட்ட காரணம் கொடுத்தால் வெறுத்துவிடுவீர்கள். செல்லாயிக்கு அந்த வசதி இல்லை. அவளுக்குக் காரணம் தெரியாது. ஆகவே உங்களுக்கும் கிடையாது.

6

சனிக்கிழமை பகல், வைத்திலிங்கம் கடையில் சரக்கை நிறுத்துப் போட்டபோது அவரிடம் ரொக்கம் இல்லை. பேங்க் அரை நாளோடு மூடியாகிவிட்டது. "திங்கக்கிழம வந்து மாத்திக்க" என்று செக் எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போடத் தெரியாதவள் அலையக் கூடாதே என்று, யார் கொண்டுபோய் நீட்டினாலும் பணம் கிடைக்கிற மாதிரியே விட்டிருந்தார். நல்ல மனசில் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை பச்சமுத்து வந்தான். லோகநாயகி ஏழாம் மாத வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். சாயங்காலம் அவன் வாசல் மணலில், காயப்போட்ட வலை ஓரமாக உட்கார்ந்திருந்தான். செல்லாயி உள்ளேயிருந்து காகிதத்தை மகளிடம் நீட்டினாள்.

"லோகு, இதுல தேதி போட்டிருக்கான்னு அவரக் கேளு."

நாலு முழ தூரம். அவன் காதில் விழாமல் இல்லை. ஆனாலும் லோகநாயகி திருப்பிச் சொல்லும்வரை அவன் காத்திருந்தான். எட்டாவது வரை படித்தவன், ஐஸ் கம்பெனிக்காரருக்குச் செக்கு மாற்றிக் கொடுத்துப் பழக்கமும் உண்டு.

"சனிக்கிழம தேதி போட்டிருக்குன்னு சொல்லு."

"எம் பேரு எழுதியிருக்கான்னு கேளு."

லோகநாயகி கேட்டாள்.

"எழுதியிருக்கு. ஆனா பேரு இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். ஆரு நீட்டுனாலும் குடுத்துடுவான். பத்தரமா வைக்கச் சொல்லு."

பத்திரமாக வைக்கச் சொன்னதும் அவன்தான். இந்த இடத்தை எழுதும்போது எனக்கு அவன்மேல் ஒரு கோபமும் வரவில்லை. அப்போது அவன் மனதில் ஒன்றும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

செல்லாயி செக்கைத் தகரப்பெட்டியில் சில்லறைப் பணத்தோடு வைத்தாள். புருஷன் பக்கிரி கடலுக்குப் போயிருந்தான். விடிந்து பார்த்தபோது மருமகன் புறப்பட்டுப் போயிருந்தான். பெட்டியில் பதினோரு ரூபாய் வைத்தது வைத்தபடி இருந்தது. செக் மட்டும் இல்லை.

கள்ளன் என்றால் பதினோரு ரூபாயையும் எடுத்திருப்பான். செக்கை மாற்றத் தெரிந்தவன் அந்த வீட்டில் ஒருவன்தான். மகள் வயிற்றில் கையை வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். செல்லாயி சத்தம் போடாமல் பெட்டியை மூடினாள். பக்கிரி கரைக்கு வந்து இதைக் கேட்டால் அரிவாளை எடுப்பான், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை.

"லோகு, சிதம்பரம் போயி செக்க மாத்திக்கிட்டு வர்றேன்" என்று மகளைத் தட்டிச் சொல்லிவிட்டு கடலூர் முதுநகர் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

(அவள் என்ன நினைத்துக்கொண்டு போனாள்? அவனைப் பிடிக்க நினைத்தாள் என்று முதலில் எழுதினேன். தவறு. பிடித்தால் பேச வேண்டுமே. பேங்க் வாசலில் போய் நின்றுகொள்ள நினைத்தாள். தன்னைப் பார்த்தால் அவன் திரும்பிப் போய்விடுவான். எதுவும் நடக்காததுபோல் எல்லாம் முடிந்துவிடும்.)

7

இங்கே எனக்கு ஒரு சங்கடம். பச்சமுத்து முன்னாலேயே புறப்பட்டவன். பேங்க் திறந்தவுடன் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கலாமே? அவனை எப்படித் தாமதப்படுத்துவது? ரயிலை நிறுத்தலாம், மழையைக் கொட்டலாம். இரண்டும் சோம்பேறி எழுத்தாளனின் வேலை. கடைசியில் ஒரு சட்டை உதவிக்கு வந்தது. மீன் நாற்றச் சட்டையோடு முந்நூற்று நாற்பது ரூபாய் செக்கை நீட்டினால் நாலு கேள்வி கேட்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதனால் தன் ஊரில் இறங்கி, வெளுக்கப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையை வாங்கப் போனான். சலவைக்காரர் இஸ்திரி போடும்வரை காத்திருந்தான். அந்த நேரம்தான் செல்லாயிக்குக் கிடைத்த நேரம்.

செல்லாயிக்கு வேறு கஷ்டம். எந்த பேங்க் என்று அவளுக்குத் தெரியாது. அது செக்கில் எழுதியிருந்தது, செக்கோடு போய்விட்டது. வைத்திலிங்கத்தின் கடைக்குத்தான் போனாள்.

"மொதலாளி, அந்தச் செக்க எந்த பேங்குல மாத்தணும்?"

"அதுலயே போட்டிருக்கே. எங்க, குடு."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"செக்கு எங்கம்மா?"

"தவறிப் போச்சுங்க."

அப்படிச் சொல்ல அவள் வரவில்லை. பேங்க் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு போகத்தான் வந்தாள். வைத்திலிங்கம் கல்லாப்பெட்டியைப் பூட்டிக்கொண்டு எழுந்தார். "ஆரு கையில கெடச்சாலும் மாத்திடுவானே. நட, நட" என்று செருப்பை மாட்டினார். நல்ல மனிதர். இந்தக் கதையில் எல்லோரும் நல்லது செய்யத்தான் பார்க்கிறார்கள். அவளுக்கு மூச்சுமுட்டுவதும் அதனால்தான்.

8

பேங்க். காசிநாதன் அப்போது இளைஞர், தலை நிறைய முடி. ஒரு தாளை வைத்திலிங்கத்திடம் நகர்த்தினார்.

"நம்பர் இருக்குதுல்ல? இங்க கையெழுத்துப் போடுங்க. நிறுத்திடலாம். ரெண்டு ரூவா சார்ஜு."

"நிறுத்துனா?" என்று செல்லாயி கேட்டாள்.

"பணம் தரமாட்டோம்மா. அந்தச் செக்கு வெறும் காயிதம். ஐயா உனக்கு வேற எழுதிக் குடுப்பாரு."

அவள் முகம் தெளிந்ததை வைத்திலிங்கமே கவனித்தார். இவ்வளவுதானா? அவன் வருவான், இல்லை என்பார்கள், போய்விடுவான். யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டாம். லோகுவுக்குத் தெரிய வேண்டாம். வலையும் வந்துவிடும். சுருக்குப்பையை அவிழ்த்து இரண்டு ரூபாயை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். "நா குடுக்கறேன் மொதலாளி. என் தப்புத்தானே" என்றாள்.

வைத்திலிங்கம் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் காசிநாதன் ஆறுதல் சொன்னார்.

"ஒண்ணும் கவலப்படாதம்மா. நிறுத்துன செக்க எவன் கொண்டாந்தாலும் இங்கயே உக்கார வச்சிடுவோம். ஸ்டேஷன் கூப்பிடு தூரம். போலீஸ் வந்து நாலு தட்டு தட்டுனா எங்க எடுத்தான்னு கக்கிடப் போறான்."

செல்லாயி பேனாவைப் பார்த்தாள். பேனா தாளைத் தொட்டுவிட்டது. வை எழுதி, த் எழுதப் போகிறது. வாசலில் வெயில். வெயிலில் யாரோ இரண்டு பேர் ஏறி வந்தார்கள், அவன் இல்லை. அடுத்து ஏறுகிறவன் அவனாக இருக்கலாம். ஏழு மாதப் பிள்ளைத்தாச்சியிடம் உன் புருஷன் சிதம்பரம் லாக்கப்பில் இருக்கிறான் என்று யார் சொல்வது? உன் அம்மா இரண்டு ரூபாய் கட்டிப் பிடித்துக் கொடுத்தாள் என்று யார் சொல்வது? நிறுத்தாதீர்கள் என்று இப்போது சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்கு அவளிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது, அதைச் சொல்ல முடியாது.

அவள் இரண்டு ரூபாயைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"இன்னாத்துக்கு ரெண்டு ரூவா?"

காசிநாதன் சிரித்தார். "சார்ஜும்மா. பேங்கு ரூலு."

"குடுக்கறதுக்குத்தான் கூலி கேப்பாங்க. குடுக்காம இருக்கறதுக்குக் கூலியா? ஜாஸ்தி. நா குடுக்க மாட்டேன்."

"செல்லாயி, நான் குடுக்கறேன், என் கணக்குல எடுத்துக்கட்டும்" என்றார் வைத்திலிங்கம். பேனா இன்னும் கையில்.

அவருடைய நல்ல மனதுதான் இப்போது அவளுக்கு எதிரி. அதை உடைத்தால்தான் பேனா நிற்கும். அவள் கவுண்டருக்கு முதுகைத் திருப்பினாள். வாசலைப் பார்த்து, சந்தையில் கடைசிக் கூடைக்குக் கூவுகிற குரலை எடுத்தாள்.

"நீ ஏன்யா குடுக்கற? பேங்கும் நீயும் பங்கு போட்டுக்கறீங்களா? பத்து வருஷமா எடையில அடிச்சியே, அது போதலையா? எங்கூட்டுச் சரக்கு உங்கடைக்கு வந்தா மட்டும் காத்துல கரைஞ்சி போவுதா? எல்லாரும் கேளுங்க, இந்தாளு தராசுக் கல்ல கேளுங்க."

வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். அதில் இருவர் அவருக்குத் தெரிந்த கடைக்காரர்கள். வைத்திலிங்கம் எடையில் அடிப்பவர் இல்லை. செல்லாயிக்கு அது தெரியும், அதனால்தான் பத்து வருடமாக வேறு கடைக்குப் போகாமல் இருந்தாள். அடிக்கிறவனிடம் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பான். இவர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார்.

"செல்லாயி, வாய அடக்கு."

"ஏன் அடக்கணும்? கல்லுல ஓட்ட போட்டு வச்சிருக்கறது நீ, வாய அடக்கறது நானா?"

வைத்திலிங்கம் பேனாவை மூடினார். தாளை நாலாகக் கிழித்தார்.

"காசிநாதன், ஒண்ணும் நிறுத்த வேணாம். எவன் கொண்டாந்தாலும் குடுத்து அனுப்புங்க. எம் பணம், நான் சொல்றேன். இனிமே இவ சரக்கு என் கடப் படியேறக் கூடாது."

போய்விட்டார். செல்லாயி கத்துவதை நிறுத்தினாள். நிறுத்தின பிறகும் அவள் உதடு ஆடிக்கொண்டிருந்ததாகக் காசிநாதன் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

9

இந்த இடத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. பந்தியில் நாங்கள் சிரித்த கதையை இட்டுக்கட்டியது காசிநாதன் என்று நினைத்திருந்தேன். இல்லை. இட்டுக்கட்டியவள் செல்லாயி. மீன்காரி என்றால் வாய் நீளம், காசென்றால் உயிர் என்று கவுண்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவர்கள் நினைத்துவைத்திருந்தார்கள். அவர்கள் நினைத்ததையே எடுத்து அவர்கள் முகத்துக்கு நேரே நடித்துக் காட்டிவிட்டாள். யாரும் சந்தேகப்படவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் காசிநாதன் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் எழுதிய எதையும் யாரும் இவ்வளவு காலம் நம்பியதில்லை. பொறாமையாக இருக்கிறது.

அதற்கு அவள் கொடுத்த விலை வலை, ஒரு நல்ல வியாபாரி, பத்து வருட நாணயம். இரண்டு ரூபாய் மட்டும் அவள் கையிலேயே இருக்கிறது.

10

முடிவுகள்.

அ) பச்சமுத்து மதியம் வந்து பணத்தை வாங்கிக்கொண்டு போனான். தலைப்பிள்ளை பிறந்தபோது வெள்ளிக்கொலுசோடு வந்தான். யாரும் எதையும் பேசவில்லை. (நடந்திருக்கக்கூடியது இதுதான். எனக்கு எழுதப் பிடிக்கவில்லை.)

ஆ) பச்சமுத்து தெருமுனையிலேயே அவள் குரலைக் கேட்டு, செக்கைக் கிழித்து (வேண்டாம். இது எனக்காக நான் வைத்துக்கொண்ட முடிவு. வலை யார் வாங்குவது?)

இ) காசிநாதனையே கேட்டேன். அந்தச் செக்கைக் கடைசியில் யாராவது கொண்டுவந்தார்களா? "அத ஆரு சார் கவனிச்சா. ஒரு நாளைக்கு எத்தினி செக்கு வரும்."

ஆகவே எனக்குத் தெரிந்த இடம்வரை மட்டும் எழுதுகிறேன்.

செல்லாயி பேங்க் படியில் இறங்கினாள். எதிர்ப்பக்கம், மூடியிருந்த ஒரு கடையின் நிழலில் பச்சமுத்து நின்றான். வெள்ளைச் சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறான், எதையெல்லாம் கேட்டான் என்று தெரியாது. மாமியாரைப் பார்த்ததும் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டான். அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி நின்றாள். திருடினவனும் பறிகொடுத்தவளும் அந்த மரியாதையில் ஒரு குறை வைக்கவில்லை.

நடுவில் தெரு. பேங்க் மூட இன்னும் நேரம் இருக்கிறது. நிறுத்தாத செக் அவன் சட்டைப்பையில் இருக்கிறது. உள்ளே போனால் கேள்வி கேட்காமல் கொடுப்பார்கள். அவளுக்கு அவனிடம் ஒன்று கேட்க வேண்டும். லோகநாயகி இல்லை.

நடுவில் நின்று சொல்ல ஒரு ரிக்ஷாக்காரரை எழுதினேன், அடித்தேன். பூ விற்கிற ஒரு பெண்ணைக் கொண்டுவந்தேன், அவளையும் அனுப்பிவிட்டேன். விஷயம் தெரியாதவர்களை நடுவில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் தெரிந்துவிடும். இவர்களைத் தவிர இதெல்லாம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் நீங்களும். நான் இவ்வளவு நேரம் அவளுக்குப் பதிலாகப் பேசிவிட்டேன், இனியும் பேசினால் அவளை வாயில்லாதவள் ஆக்கிவிடுவேன்.

அவள் உங்களைப் பார்க்கிறாள். குரல் கட்டியிருக்கிறது, தணிந்துதான் வருகிறது.

"லோகு கேட்டா நா இன்னா சொல்றதுன்னு அவரக் கேளுங்க."

அவனுக்குக் கேட்டுவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான். நீங்கள் திருப்பிச் சொல்லும்வரை அவன் பதில் சொல்ல மாட்டான்.